மாதா எங்கள் முறைக்கு வந்த கிழமை

மே 3, செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. தகரக் கூரை ஓயாமல் அடிக்கிறது. பிள்ளை அன்ரனுக்குக் காய்ச்சல் இல்லை. பால் போத்தல்கள் அவித்தாயிற்று.

கொழும்பு டொக்டர் சொன்னதை இவருக்கு மறுபடி விளங்கப்படுத்தினேன். பிள்ளையின் இரத்தத்தில் கிருமியை எதிர்க்கிற ரீ கலங்கள் இருக்கின்றன. கிருமித் துண்டு பட்டதும் ஒரு நொதியம் கலத்தின் வாங்கியில் பொசுபேற்றைச் சேர்க்கும். அந்த இடத்தில் ஸாப்-70 என்ற அடுத்த நொதியம் வந்து ஒட்டி, செய்தியை உள்ளே அனுப்ப வேண்டும். அன்ரனுக்கு அது இல்லை. செய்தியை அடக்குகிற நொதியங்களும் உண்டு. இவனுக்கு அடக்குவதற்கு ஒன்றும் தொடங்குவதேயில்லை.

வலையின் கிழிசலைப் பொத்தியபடி கேட்டார். "அப்ப சென்றிக் காவலில ஆக்கள் நிக்கினம். ஓடர்தான் வரேல்ல."

கம்பஸில் படித்ததைவிடச் சுருக்கம். சிரித்தேன். பிறகு முடியவில்லை. இந்தியாவில் எலும்பு மச்சை மாற்றும்வரை ஒருவரையும் அண்டவிடக் கூடாது.

மே 5, வியாழன்

மாதாவின் வணக்க மாதம். மாதா சுரூபம் வீடு வீடாக வருகிறது. சனி எங்கள் முறை. மீளக்குடியேறியபின் முதல் தடவை. ஊரே வந்து செபமாலை சொல்லும். முன்வரிசை வீட்டு றெஜினா அக்காவின் மகளுக்குக் கொப்பளிப்பான், தொற்றுகிற அம்மை. இவரிடம் வேண்டாம் என்றேன்.

"மாதாவை வாசலால திருப்பி அனுப்பினா, நாளைக்கு ஆர் எங்கட முற்றம் மிதிப்பினம்?"

ஒருவரும் மிதிக்காததுதானே எனக்கு வேண்டும். முடிவு: சுரூபம் பூவரசுக்குக் கீழே. சனம் முற்றத்தில். நானும் பிள்ளையும் உள்ளே.

மே 7, சனி

கதிரையில் வெள்ளைத் துணி. மெழுகுதிரி காற்றுக்கு நிற்கவில்லை. தறப்பாள் திரைக்குப் பின்னால் நானும் மெதுவாக அருள்நிறைந்த மரியே. வெளியே யாரோ: "படிச்ச பெட்டை. எங்களைக் கண்டா அருவருப்பு."

முடிவில் எல்லோரும் சுரூபத்தின் பாதத்தை முத்தமிட்டார்கள். றெஜினா அக்காவும். பிறகு இவர் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, பாதத்தை அன்ரனின் வாயருகே கொண்டுபோனார். என் கையை இடையில் வைத்தேன்.

"மாதாவிலயும் பயமோ?"

"மாதாவில இல்லை. முத்தத்தில."

வெளியே கொண்டுபோய்விட்டார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அதையும் வெளியே சனம் பார்த்திருக்கிறது.

மே 8, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. பூசைக்குப் போகவில்லை. இவர் உள்ளே வராமல் வாசலோடு நின்றுவிட்டார். கோபம் என்று நினைத்தேன்.

"நானும் முத்தமிட்டனான். றெஜினா அக்காவுக்குப் பக்கத்திலதான் நிண்டனான். எனக்குச் சின்னனில கொப்பளிப்பான் வரேல்ல. வருதோ எண்டு தெரியுமட்டும் மூண்டு கிழமை மீன் வாடியில படுக்கிறன்."

பாய், சாரம், டோர்ச். வாசலில் வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். குனிந்து எடுத்தார். பிள்ளையை ஒருக்கால் எட்டிப் பார்த்தார். கடற்கரைப் பக்கம் நடந்தார்.

போனபின்தான் நினைவு வந்தது. தண்ணீர் அள்ளுவது அவர். கிணறு றெஜினா அக்கா வீட்டுக்கு முன்னால். பிள்ளையைக் கொண்டுபோகவும் முடியாது, விட்டுப்போகவும் முடியாது. குடத்தில் பாதிதான்.