நீ எழுதிய ‘அப்பியர்ட்’

இன்று காலை ஒரு காலி கன்டெய்னருக்குள் இருட்டில் நின்றேன். வெளியே கதவைச் சாத்தியது கன்னியப்பன். அன்றைக்கு உன்னை உள்ளே வைத்தபடியே டிரெய்லரை ஓட்டிக்கொண்டு போனானே, அதே டிரைவர்தான். பழைய வெங்காயமும் நனைந்த பலகையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் பக்கத்துத் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, மாமு. அந்த வாடை மட்டும் என்னை விட மாட்டேன் என்கிறது.

எண்ணூர் ரோட்டில் நம் கன்டெய்னர் யார்டில் இன்னும் அதே வேலை, அதே முறைதான். காலிப் பெட்டி கேட்டைத் தாண்டுவதற்கு முன் ஒருவன் உள்ளே போக வேண்டும், மற்றவன் கதவைச் சாத்த வேண்டும். இருட்டுக்குள் எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே ஓட்டை. உள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டால் கதவைத் திறக்க வேண்டும். எல்லாம் சரி என்றால் கடைசியாகக் கதவில் சாக்பீஸால் ஒரு டிக்; அதைப் பார்த்துத்தான் டிரைவர் வண்டியை எடுப்பான். உன் சாக்பீஸ் நீலம், என்னுடையது மஞ்சள். புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வரும் பெட்டியைத்தான் நீ அதிகம் சந்தேகப்படுவாய். “வெளிய சோக்காத்தான் கீது, உள்ள இன்னா கீதுன்னு பாத்துட்டு வரேன்” என்று ஏறிவிடுவாய்.

சர்வே தாளில் ‘அப்பியரன்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நான் எல்லாவற்றுக்கும் ‘குட்’ என்று கிறுக்கிவிட்டு டீக்கு ஓடுவேன். நீ சட்டையைப் பிடித்து நிறுத்துவாய். “நீ பாத்தது வெளிய மட்டும். ‘அப்பியர்ஸ் குட்’னு எழுது.” லுக்ஸ், சீம்ஸ், அப்பியர்ஸ், எல்லாம் ஒரே எழவுதானே என்று நான் கத்துவேன்.

“ஒண்ணு இல்ல மாமு. லுக்ஸ் டீக்கடைல பேசறது. சீம்ஸ்னா உனுக்கு மனசுல பட்டது, தப்பாப் பூட்டா உன் தலைல விழும். அப்பியர்ஸ்னா, எவன் வந்து பாத்தாலும் கண்ணுக்கு அப்டித்தான் தெரியும்னு அர்த்தம்.” பெரிய துரை வந்துட்டாருடா என்று நான் நக்கலடிப்பேன். நீ சிரித்துக்கொண்டே என் தாளைத் திருத்துவாய்.

அந்த நாளை நான் ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லியாக வேண்டும். கொளுத்தும் மத்தியானம். கேட் வரைக்கும் டிரெய்லர் வரிசை. இன்சார்ஜ் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, இன்னும் எத்தனை பெட்டி என்று கத்திக்கொண்டிருந்தார். கன்னியப்பனின் டிரெய்லர் மேல் இருந்த பெட்டிக்குள் நீ ஏறினாய். நான் கதவைச் சாத்தினேன். சாத்திய கையோடு, நீ தட்டுவதற்கு முன்னாலேயே, என் மஞ்சள் சாக்பீஸால் டிக் போட்டேன். புதுப் பெயின்ட் அடித்த பெட்டி, இதில் என்ன ஓட்டை இருக்கப்போகிறது, ஒரு நிமிஷம் மிச்சம் என்ற திமிர். அப்போது அடுத்த வரிசையிலிருந்து இன்சார்ஜ் கூப்பிட்டார். ஒரு கையெழுத்து. போட்டுவிட்டுத் திரும்பினால் டிரெய்லர் இல்லை.

சாத்திய கதவு, அதன்மேல் டிக். கன்னியப்பன் வண்டியை எடுத்துவிட்டான். எந்த டிரைவராக இருந்தாலும் எடுத்திருப்பான்.

ஓடினேன். கேட்டில் செக்யூரிட்டி ஏதோ கேட்டார், வாயில் வந்தபடி திட்டிவிட்டு ஓடினேன். ரோட்டில் போன எவனோ ஒருவனின் பைக்கை மறித்து ஏறினேன். இரும்புப் பெட்டி, உச்சி வெயில், உள்ளே நீ. ஆண்டவா, அவனை எடுத்துக்காதே என்று பைக் ஓட்டியவன் காதில் விழ அழுதுகொண்டே போனேன். நாம் தினமும் சபிப்போமே அந்த டிரெய்லர் நெரிசல், அதுதான் அன்றைக்கு உன்னைக் காப்பாற்றியது. வரிசையில் மாட்டி நின்ற வண்டியைக் கண்டதும் அந்த நெரிசலைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கிட்டே போனதும்தான் நீ தட்டும் சத்தம் கேட்டது. இன்ஜின் இரைச்சலில் கன்னியப்பனுக்கு எப்படிக் கேட்கும்?

கதவைத் திறந்தோம். தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி நனைந்திருந்தாய். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து நீ சொன்ன முதல் வார்த்தை, “மேல வலது மூலைல ஒரு ஓட்ட கீது மாமு. இந்தப் பொட்டி தேறாது.” பிறகு இறங்குவதற்காகக் கதவில் கையை ஊன்றினாய். கொஞ்ச நேரம் ஊன்றியபடியே நின்றாய்.

இன்சார்ஜ் வந்ததும் கன்னியப்பன் கையைக் காலை ஆட்டிக் கத்தினான். “டிக் இருந்துச்சு சார்! எம் புள்ள மேல சத்தியமா இருந்துச்சு!” எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. நீ அவன் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னாய். அவன் அடங்கிவிட்டான்.

தப்பு செய்தவன் கேட் பாஸைப் பிடுங்கித் துரத்துவேன் என்று இன்சார்ஜ் குதித்தார். டிரைவர் கவனிக்காமல் எடுத்தான் என்று எழுது, இல்லையென்றால் டிக் போட்டது யார் என்று எழுது என்று உன்னிடம் தாளை நீட்டினார். நீ ஒரே வரி எழுதினாய். டிரைவருக்குப் பெட்டி கிளியர் ஆனதாக ‘அப்பியர்ட்’.

“இன்னாய்யா அப்பியர்ட்? டிக் இருந்துச்சா இல்லியா?”

“பாக்க ரெடியாத்தான் நின்னுச்சு சார். நானா இருந்தாலும் எடுத்துனு போயிருப்பேன். உள்ள கெடந்தவன் நானு. நான் எழுதறதுதான் ரிப்போர்ட்டு.”

அந்த ஒரு சொல்லில் அவன் வேலையும் தப்பியது, என் வேலையும் தப்பியது. அன்று மாலை டீக்கடையில் கிளாஸைப் பிடித்திருந்த உன் உள்ளங்கையைப் பார்த்தேன். ரேகைக்குள்ளே மஞ்சள். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்து பன்னைத் தின்றேன். நாளைக்குச் சொல்லலாம், சம்பளம் வந்ததும் சொல்லலாம், பொங்கல் கழித்துச் சொல்லலாம். வருஷக்கணக்காக உன் பக்கத்தில் உட்கார்ந்து தின்றேனே தவிர சொல்லவில்லை. ஒருநாள் ராயபுரத்தில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயாம். நான் வந்து சேர்ந்தபோது உன் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். என்ன ஜென்மம் நான்.

இன்று காலை உள்ளே நின்றபோது கூரையில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. நீ அன்றைக்கு இதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாய் என்று தோன்றியதும் என்னால் முடியவில்லை. கதவைத் தட்டினேன். கன்னியப்பன் திறந்தான். இறங்கும்போதே சொன்னேன், “அன்னிக்கு டிக் போட்டது நான்தான்டா.”

அவன் வாய் பிளப்பான், சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் பீடியைத் தூக்கிப் போட்டான்.

“தெரியும்ணா. அவுரு கையில மஞ்சாவப் பாத்துட்டேன். கத்தலாம்னுதான் போனேன். ‘வேணா நைனா, அவனே வாயத் தொறப்பான், கொஞ்சம் டைம் குடு’ன்னாரு. அப்பாலிக்கு என்னிய எங்க பாத்தாலும், ‘சொல்ட்டானா, சொல்ட்டானா’ன்னு கேப்பாரு. கடசி வரைக்கும் கேட்டாருண்ணா.”

டிரெய்லர் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சட்டைப்பையில் இப்போதும் மஞ்சள் சாக்பீஸ்தான் வைத்திருக்கிறேன். உள்ளே போனவன் இறங்கி என் முன்னால் நிற்கும்வரை அது வெளியே வராது. இன்சார்ஜுக்கும் இன்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். அதில் லுக்ஸும் இல்லை, சீம்ஸும் இல்லை, உன் அப்பியர்டும் இல்லை. டிக் போட்டவன் நான் என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்வார்களோ செய்யட்டும்.

இனி நீ யாரையும் கேட்க வேண்டாம். சொல்லிவிட்டேன், மாமு.