வாசல் பலகையில் ஒட்டிய சொல்

சாவ்ஷிங்,
ஜூலை 3

அன்பு மகள் ஷூயினுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் லிமாவில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே மூன்று வாரம் மழை கொட்டித் தீர்த்தது, சுவரெல்லாம் பூஞ்சை, போன வியாழக்கிழமைதான் வெயில் முகம் காட்டியது. வினையும் அன்றுதான் வந்தது. குடியிருப்புக் குழுவின் சிவப்புப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு நான் சுற்றுவது உனக்குத் தெரியும். எச்சில் துப்புகிறவர்கள், நாயை அவிழ்த்துவிடுகிறவர்கள் என்று படம் எடுத்து வாசல் பலகையில் ஒட்டுவேன். அன்று பூச்செடி வேலிமேல் யாரோ பஞ்சுப் போர்வையைக் காயப்போட்டு உதறிக்கொண்டிருந்தார்கள், பின்னால் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. படம் எடுத்தேன். வழக்கமாக 'நாகரிகமற்ற செயல்' என்றுதான் எழுதுவோம். எனக்குக் கை துறுதுறுத்தது, தூரிகையால் பெரிதாக 'யேமான்' என்று, காட்டு ஜனங்களைத் திட்டுகிற சொல்லையே எழுதி ஒட்டிவிட்டேன். தூரிகையில் அந்த எழுத்துகள் அழகாக விழும் என்ற ஆசைதான்.

மாலையில் கீழ்வீட்டுத் தாவ் அம்மாள் படியில் மறித்து, "ஏன் ஐயா, கட்டினவளோட செருப்புகூடவா அடையாளம் தெரியல?" என்று சிரித்தாள். நீ இலையுதிர்காலத்தில் வருகிறாய் என்று உன் போர்வையை அம்மா வெயிலில் போட்டிருக்கிறாள். நம் பால்கனியில் வெயில் விழாது என்பது எனக்குத் தெரியாதா. ஓடிப்போய்ப் படத்தைக் கிழித்தேன். அதற்குள் ஊரே பார்த்தாகிவிட்டது. அந்த இடத்தில் அதே சொல்லை எழுதி, அது எனக்குத்தான் என்று அடியில் என் பெயரைப் போட்டு ஒட்டினேன். குழுத் தலைவர் கத்தினார், பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அம்மா அந்தத் தாளைப் பார்த்தாளா தெரியவில்லை. ஆறு நாளாகச் சோறு வைக்கிறாள், மருந்து எடுத்து வைக்கிறாள், வாய் திறப்பதில்லை. அந்தச் சொல் குத்தியதா, நாற்பத்தோரு வருஷம் கூட இருந்தவளின் கால் எனக்குத் தெரியாமல் போனது குத்தியதா, அதையும் சொல்லமாட்டேன் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது ஷூயின். நீ எனக்காகப் பரிந்து பேசாதே, கோபம் உன்மேல் திரும்பும். உன் மேலாளரைத் திட்டிப் போன கடிதத்தில் நீ எழுதியதும் ஏறக்குறைய இந்தச் சொல்தான். அவரிடமும் கொஞ்சம் பொறுத்துப் பார்.

இதை எழுதும்போது அம்மா பின்னால் வந்து நின்று படித்திருக்கிறாள். "இதையும் கொண்டுபோய்ப் பலகையில ஒட்டப் போறீங்களா?" என்று கேட்டாள். நான் திரும்பவில்லை, திரும்பினால் பேச்சு நின்றுவிடுமோ என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். அவள் இன்னும் போகவில்லை. பச்சைத் தண்ணீர் குடிக்காதே, வெந்நீர் குடி என்று எழுதச் சொல்கிறாள். நூறு வயது நன்றாக இரு என்றும் எழுதச் சொல்கிறாள். ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

உன் அப்பா,
கோ சோங்தே