நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு சீட்டு

அன்பு மச்சான் யூசுப்,

நீ போய் ஏழு மாதமாகிறது. தாம்பரத்தில் ரயில் ஏறினால் இன்றும் உனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்துவிடுகிறேன். யாராவது வந்து "சார், ஆள் வராங்களா?" என்று கேட்கும்போதுதான் நினைவு வருகிறது.

வீட்டில் எல்லோரும் சுகம். கல்லூரியில் உன் மேசை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் நலம் விசாரிக்க அல்ல. உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வேதிப் பிணைப்புத் தாளுக்குப் பாடநூல் தேர்ந்தெடுத்தோமே, அந்த விஷயம்தான். நீ ஒரு பழைய புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுதாய். தடியான புத்தகம், பொடி எழுத்து. அணுக்கள் ஏன் சேர்கின்றன என்று பொறுமையாக, ஆரம்பத்திலிருந்து சொல்கிற புத்தகம். மற்றவர்களுக்கு வினா விடைக் கைடு போதும். நம் துறை வழக்கம் உனக்குத் தெரியும்: இரண்டு ஆசிரியர்கள் முழுதாகப் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு புத்தகம் பட்டியலில் ஏறும். ஒரு கையெழுத்து நீ. இன்னொன்றுக்கு என்னிடம் வந்தாய்.

"மூணு வாரம் டைம் இருக்கு மச்சான். நீ படிச்சிட்டு வேணாம்னு சொன்னாக்கூட ஓகே. ஆனா படி."

அந்த மூன்று வாரமும் புத்தகம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. நான் திறக்கவேயில்லை. சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. அந்தப் புத்தகம் வந்தால் பன்னிரண்டு வருஷமாக நான் வாசித்து ஒப்பேற்றுகிற நோட்ஸைத் தூக்கிப் போட வேண்டும். எனக்கு அது பயமாக இருந்தது.

கூட்டத்தில் துறைத் தலைவர் கேட்டார். "முழுசாப் படிச்சேன் சார். அருமையான புத்தகம். ஆனா நம்ம பசங்களுக்குத் தாங்காது" என்றேன். என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கைடு ஜெயித்தது.

அன்று மாலை ரயிலில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நீ நடுவில் ஓரிடத்தில் திறந்தாய், ஒரு நிமிஷம் பார்த்தாய், மூடினாய். பிறகு வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாய். கோபப்பட்டிருக்கலாமே, ஏன் படவில்லை? அடுத்த மாதம் உன் இதயம் நின்றுபோனது. அதற்குப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

போன வாரம் வகுப்பில் ஒரு பெண் எழுந்தாள். "சார், வெளிக்கூட்டுல எட்டு எலக்ட்ரான்தான் கணக்குன்னீங்க. கந்தகம் ஆறு ஃப்ளூரினோட சேர்ந்தா பன்னெண்டு வருதே, எப்படி?"

"அது விதிவிலக்கும்மா" என்றேன். கைடில் அப்படித்தான் இருக்கிறது. அவளும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. விதிவிலக்கு என்று யாராவது சொன்னாலே நீ துள்ளுவாய், "அப்போ கேள்வி செத்துடுச்சா?" என்று.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். நஸீமா தங்கச்சி தேடவேயில்லை, நேராக அலமாரியிலிருந்து எடுத்து வந்தது.

"உங்களுக்குன்னுதான் தனியா வச்சிருந்தேண்ணே. கணேசன் பாதி படிச்சிருக்கான், மீதிக்கு வருவான், யாருக்கும் குடுத்துடாதேன்னு சொல்லியிருந்தாரு."

பாதி. எனக்காக உன் மனைவியிடம் நீயும் ஒரு பொய் சொல்லியிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து கந்தகத்தைத் தேடினேன். நூற்று நாற்பதாம் பக்கம். அங்கே நான்காக மடித்த சீட்டு ஒன்று இருந்தது. தேர்வறைத் தாளைக் கிழித்து எழுதிய உன் கோழிக் கிறுக்கல்.

"மச்சான், இங்க வந்ததும் போன் பண்ணு. இந்தப் பக்கத்துல எனக்கே ஒரு சந்தேகம் இருக்கு. ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சா பிடிபடும்."

ரயிலில் நீ திறந்து பார்த்தது இதைத்தான். மடிப்புக் கலையாமல் இருந்ததைப் பார்த்து எல்லாம் புரிந்திருக்கும். புரிந்துதான் வேர்க்கடலை கொடுத்தாயா? நீ என் கையெழுத்துக்காக மட்டும் வரவில்லை, கூட உட்கார்ந்து யோசிக்க ஆள் தேடி வந்திருக்கிறாய். உனக்கு நான் ஒருவன்தானே இருந்தேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது, யூசுப்.

வரும் திங்கட்கிழமை பாடத்திட்டக் கூட்டம். அன்று படிக்காமலே பேசினேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கையெழுத்தை மட்டும் அன்றைக்குப் போட மாட்டேன். இன்னும் தொண்ணூறாம் பக்கத்தில்தான் இருக்கிறேன், முடித்த பிறகுதான் போடுவேன். அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிட்டேன், "நான் சொன்னது பதில் இல்லம்மா, படிச்சிட்டு வரேன்" என்று.

உன் சந்தேகம் என்ன என்று நீ எழுதவில்லை. நூற்று நாற்பதுக்கு வந்ததும் நானே கண்டுபிடிக்கிறேன். உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை மச்சான். யாரும் எடுக்காவிட்டாலும் அன்றைக்குக் கட்டாயம் போன் பண்ணுவேன்.

இப்போதுதான் முதல் பக்கத்திலிருந்து படித்து வரும்
உன் மச்சான்,
கணேசன்
சிட்லபாக்கம்