ஐயம்பேட்டை வீட்டில் கண்ணாடி உடையவில்லை

என் அன்பு மேரிக்கா,

நீ எங்கே இருந்தாலும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு இதைக் கேள். ஐயம்பேட்டை வீட்டில் கண்ணாடி உடையவில்லை! மழைக்காலம் முழுவதும் தாண்டிவிட்டது. இன்று காலை பார்த்துவிட்டு, செவிலிமேட்டுக்கு வந்து சேரும்வரை ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

கன்னியப்பன் வீடு ஞாபகம் இருக்கிறதா? கீழே தறி, மேலே குடும்பம் என்று அந்த நெசவாளருக்கு நீ டிசைன் போட்டுக் கொடுத்த வீடு. நீ கண்ணை மூடிய சில மாதங்களில் மாடிச் சுவரில் கோணலாக விரிசல் விட்டது. வேறொரு இன்ஜினியர் வந்து பார்த்து, டிசைனே தப்பு, மாடியை இடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பதில் சொல்ல நீ இல்லை. தெருவில் உன் பெயர் அடிபட்டது. எனக்கு எப்படிக் கோபம் வந்திருக்கும் என்று உனக்குத் தெரியாதா?

நம் ஆபீஸில் உட்கார்ந்து உன் கணக்கைத் திரும்பப் போட்டேன். நீ என் அக்கா என்பதை மறந்து, குறை கண்டுபிடிக்கவே பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அப்படியானால் விரிசல் எங்கிருந்து வந்தது?

நேரில் போனால், தறி இடம் மாறியிருந்தது. பக்கத்து மனைக்காரர் சுவர் எழுப்பியதில் கிழக்கு ஜன்னல் இருண்டுவிட்டதாம். வெளிச்சம் இல்லாமல் பட்டு நெய்ய முடியுமா? தறியை வடக்கு ஜன்னலுக்கு மாற்றி, காலை இறக்கி மிதிக்கப் புதிதாகக் குழி தோண்டியிருக்கிறார்கள்.

“தோண்டுறப்போ குறுக்கால ஒரு காங்கிரீட்டு இருந்துச்சுப்பா. கால் இடிச்சுக்கினே இருந்துச்சு. மிச்சம் மீதியக் கொட்டி மூடியிருக்காங்கன்னு நெனச்சு உடைச்சிட்டோம்,” என்றார் கன்னியப்பன்.

மிச்சம் மீதியா? களிமண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும் என்று, தூண்களைச் சேர்த்துப் பிடிக்க நீ தரைக்கடியில் போட்ட பீம் அது! பிடி விட்டதும் மூலைத் தூண் அசைந்திருக்கிறது.

மாடிக்கு முட்டுக் கொடுத்து, கம்பி கட்டி பீமை மறுபடி வார்த்து, குழியைத் தள்ளித் தோண்ட வைத்தேன். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டினேன். சுவர் இன்னும் நகர்ந்தால் அது உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் ஓடிப்போய் அதைப் பார்த்தேன். உடைந்திருந்தால் அவர்கள் மாடியும் போயிருக்கும், உன் பெயரும் போயிருக்கும்.

இன்று நான் எதுவும் கேட்காமலே கன்னியப்பன் தெருவில் இறங்கி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “உடைச்சது நான்தான்பா. அந்தப் பொண்ணு சரியாத்தான் போட்டுச்சு,” என்று சொன்னார். நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன், அக்கா.

ஆனாலும் உன்னை ஒன்று கேட்க வேண்டும். தறி எங்கே வரும் என்று விசாரித்த நீ, நாளைக்கு அதை எங்கே மாற்றுவீர்கள் என்று ஏன் விசாரிக்கவில்லை? தரைக்கடியில் எதை உடைக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொன்னாயா? உன் இடத்தில் நானும் சொல்லியிருக்க மாட்டேன். நமக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிடுகிறோம்.

கன்னியப்பனின் தம்பி தாமலில் வீடு கட்டுகிறார். டிசைன் என்னுடையதுதான். தரையை மூடுவதற்கு முன் அந்தக் குடும்பத்தையே கீழே இறக்கி, பீமைக் கையால் தொட வைப்பேன். இது சத்தியம்.

நீ சரிபார்க்காமல் நான் கையெழுத்துப் போடும் முதல் வீடு அது. கணக்கை இரண்டு முறை நானே சரிபார்த்துவிட்டேன். போட்டுவிடுவேன்.

இன்னும் உன்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்
உன் தம்பி,
ஸ்டீபன்