சுவர் பார்த்த பூசணி

எல்க்டன், இந்தியானா
3 நவம்பர் 1986

என் செல்லத் தங்கை லோயிஸுக்கு,

கர்த்தர் கிருபையால் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றதில் உனக்கு வருத்தமில்லையே? பெண்கள் கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் உன் ஊர்ப் பலகையைப் பார்த்ததும் செல்மா அம்மாதான், "ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாமே" என்றார். போதகரின் மனைவியே சொல்லும்போது நான் மாட்டேன் என்பேனா?

ஆனால் ஒன்று. இருந்த நேரம் முழுக்க நீ ஓரிடத்தில் உட்காரவில்லை. காப்பிக்குச் சர்க்கரை கேட்டால் உப்பு ஜாடியை நீட்டினாய். கர்டிஸின் மூத்தாள் பிள்ளை ஹெய்டி வாயே திறக்கவில்லை. நான் கொண்டுவந்த ஆப்பிள் ஜாமைத் தொட்டும் பார்க்கவில்லை. தாயில்லாப் பிள்ளை என்று செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடாதே. நீயும் தாயில்லாப் பிள்ளைதான். உன்னை நான் அப்படியா வளர்த்தேன்?

குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. பேய்ப் பண்டிகை என்று உன் தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் பேய்மூஞ்சி வெட்டிய பூசணி. உன் வாசலில் மட்டும் முழுப் பூசணி ஒன்று, அறுவடைக் காலத்துக்கு ஏற்றபடி, மேலே செவ்வந்திப் பூத்தொட்டியோடு. செல்மா அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். "சபைக்கு வெளியில கட்டிக்கொடுத்த பிள்ளைதான். ஆனாலும் இன்னும் கர்த்தருக்குப் பயந்து நடக்குறா" என்றேன். சபையே ஆமென் என்றது. பெருமைப்படக் கூடாது என்று தெரியும். ஆனாலும் பட்டேன்.

பூசணியை வீணாக்காமல் இனிப்பு அடை செய்துவிடு. நன்றித் திருநாளுக்கு மூன்று பேரும் வழக்கம்போல வந்துவிடுங்கள்.

உன் அக்கா,
ஹுல்டா

லிமா, ஒஹையோ
7 நவம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. போனில் சொல்லத் தைரியமில்லை, அதனால் எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

அது முழுப் பூசணி இல்லை. சுவர்ப் பக்கம் அதற்கு மூஞ்சி இருந்தது. நாங்கள் வெட்டியது.

ஹெய்டி போன மாதமே கேட்டாள், "நம்ம வீட்ல பூசணி வெட்ட மாட்டோமா?" என்று. அவளுடைய அம்மா இருந்தவரை வருஷா வருஷம் வெட்டுவார்களாம். "எனக்கு வெட்டத் தெரியாதே" என்றேன். "ஒரு தடவைகூட வெட்டினதில்லையா? இவ்வளவு பெரிய ஆளு!" என்று அவள் சிரித்த சிரிப்பில் சம்மதித்துவிட்டேன். அந்தப் பண்டிகை ராத்திரியில் நீ விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு என்னைப் பின்னறையில் உட்கார வைத்து ஜெபிப்பாயே, அப்போது வாசலில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போவது கேட்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சத்தம் மட்டும்தான்.

மூடியை நேர்க்குத்தாக வெட்டினேன், அது தொப்பென்று உள்ளே விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு வெர்ன் வேலியில் சாய்ந்துகொண்டு, "சாய்ச்சு வெட்டணும்மா! கத்திய நேரா எறக்கினா மூடி எங்க நிக்கும்? முப்பத்தஞ்சு வயசாகுது, இதுகூடத் தெரியாதா?" என்று கத்தினார். வெட்கமாக இருந்தாலும் நானும் சிரித்தேன். சோற்றுக் கரண்டியால் உள்ளே சுரண்டினோம். நாரும் விதையும் முழங்கைவரை. ஹெய்டிதான் மூஞ்சி வரைந்தாள். அவளுக்கு முன்பல் இரண்டு விழுந்திருக்கிறதே, அதே ஓட்டையோடு வரைந்துவிட்டு, "இது நான்தான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை வாசலில் வைத்து மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தோம். சமையலறை ஜன்னல் வழியே செல்மா அம்மாவின் நீலக் கார் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தேன். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, ஓடிப்போய் மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். மேலே ஓட்டை தெரியாமலிருக்கப் பூத்தொட்டியைச் செருகினேன். நீ படியேறி, "அடடே, நல்ல பூசணி! யாரு வாங்கினது?" என்றாய். ஹெய்டி, "நானும் லோயிஸும்..." என்று தொடங்கினாள். நான் அவள் தோளை அழுத்திப் பிடித்து, "அடை செய்ய வாங்கினோம்க்கா" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவள் வாய் திறக்கவில்லை.

நீங்கள் போனதும் திருப்பி வைக்கப் போனேன். "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றாள். மாலை முழுக்கத் தெருப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய்க்கு வந்துபோனார்கள். அவள் தேவதைச் சட்டையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள், வெளியே போகவில்லை. மறுநாள் காலையில் பாலைக் குடித்துக்கொண்டே கேட்டாள்: "இனி பெரியம்மா வந்தா நானும் சுவத்தப் பாத்து நிக்கணுமா?"

அக்கா, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இப்போது தலை பின்னக்கூட என்னிடம் வருவதில்லை. அப்பாவிடம் போகிறாள். கர்டிஸ் பின்னினால் அது சடையாகவா இருக்கும்? மாடு கட்டும் கயிறு மாதிரி இருக்கிறது, அதோடு பள்ளிக்கூடம் போகிறாள்.

என்னை நம்பி நீ சபையில் எழுந்து நின்றாய். அதை நினைத்தால் உன்னைப் பார்க்க எனக்கு முகமில்லை. மன்னித்துவிடு.

உன்,
லோயிஸ்

எல்க்டன்
11 நவம்பர் 1986

லோயிஸ்,

உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்க நேரமாயிற்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் தங்கையே செய்வாள் என்று நினைக்கவில்லை. பேய்மூஞ்சி வெட்டியது ஒரு பாவம். என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது இரண்டாவது. அந்தப் பொய்யை நான் சபைக்குக் கொண்டுபோய்ச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன்! நாற்பது பேர் ஆமென் சொன்னார்களே, அவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? கடைவீதியில் செல்மா அம்மாவைக் கண்டு அடுத்த சந்தில் திரும்பிவிட்டேன். என் வயசில் இது தேவையா?

பொய்ச் சாட்சியைத் திரும்பப் பெறாமல் நான் சபையில் இராப்போஜன அப்பத்துக்குக் கை நீட்ட முடியாது. நீ செய்ய வேண்டியது இதுதான். பூசணி வெட்டியதற்கு வெட்கப்படுகிறேன் என்று உன் கையால் எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை எழுந்து வாசித்துவிடுகிறேன், அதோடு முடிந்தது. பிறகு எப்போதும்போல மூன்று பேரும் திருநாளுக்கு வாருங்கள். எழுதாவிட்டால் உங்களுக்கு எந்த முகத்தோடு தட்டு வைப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஹுல்டா

லிமா
13 நவம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிப் பார்த்தேன், நாலு தாளைக் கிழித்தேன். வெட்டியதற்கு வெட்கப்படுகிறேன் என்று எழுதக் கை வரவில்லை. ஏனென்றால் வெட்கமில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சிரித்ததில்லை. திருப்பி வைத்ததற்குத்தான் வெட்கப்படுகிறேன். நீ கேட்டபடி எழுதினால் இன்னொரு தடவை திருப்பி வைத்ததாகிவிடும். ஹெய்டி வீட்டிலேயே இருக்கிறாள், பார்த்துவிடுவாள்.

எழுதும்போதே வந்து, "யாருக்கு?" என்றாள்.

"பெரியம்மாவுக்கு. நான் பொய் சொன்னத எழுதுறேன்."

"அடிப்பாங்களா?"

"அடிக்க மாட்டாங்க. பேசாம இருந்துடுவாங்க."

"அது அடிய விட மோசம்" என்றாள்.

இந்த வருஷம் திருநாளுக்கு நாங்கள் வரவில்லை அக்கா. வான்கோழியை இங்கேயே சுடுகிறோம். எனக்கு அதுவும் சரியாகச் சுடத் தெரியாது. உனக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஆறு வயசிலிருந்து எனக்குத் தலை பின்னியவள் நீ. அதை மறக்கவில்லை.

உன்,
லோயிஸ்

எல்க்டன்
17 நவம்பர் 1986

லோயிஸுக்கு,

நேற்று சபையில் எழுந்து நின்றேன். கையில் உன் தாள் இல்லை. என் தங்கை பொய் சொல்லிவிட்டாள், நான் ஏமாந்துபோனேன் என்று சொல்லி உட்காரலாம் என்றுதான் எழுந்தேன். முன் வரிசையில் செல்மா அம்மா ஆமென் சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தார்.

"போன தடவை நான் சொன்னது பொய்ச் சாட்சி" என்றேன். நீ காப்பிக்கு உப்பை நீட்டினாயே, அது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தைந்து வயசுக்காரி, சொந்த வீட்டில், சொந்த அக்காவைப் பார்த்து நடுங்கியிருக்கிறாய். நான் அதைப் பக்தி என்று நினைத்துக் காரில் பாடிக்கொண்டே வந்திருக்கிறேன்.

"என் தங்கச்சி கர்த்தருக்குப் பயந்து நடக்குறான்னு சொன்னேன். அவ பயந்தது எனக்கு" என்றேன். அவ்வளவுதான். யாரும் ஆமென் சொல்லவில்லை. பாட்டுப் புத்தகத்தை எடுக்கக்கூட மறந்து வீட்டுக்கு நடந்தேன். உன்னை வளர்த்தேன் வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். எதை வளர்த்தேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

பூசணிக்கு மூஞ்சி வெட்டுவது எனக்குப் பிடிக்காது. அது நேற்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. அடுத்த வருஷம் வந்து பார்த்தாலும், "இது என்னடி கண்றாவி" என்றுதான் சொல்வேன். நீ, "வெட்டுவோம், உனக்கென்ன" என்று பதில் சொல்லு. சண்டை போடலாம்.

நாற்காலி போடுவதாக எழுதியிருந்தாய். பேருந்து காலையிலேயே இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். வரட்டுமா என்று உன்னைக் கேட்கவில்லை. நீ வா என்றுதான் சொல்வாய். ஹெய்டியைக் கேட்டுச் சொல்லு. அவள் வேண்டாம் என்றால், வேண்டாம் என்றே எழுது. எனக்கு வலிக்குமே என்று மாற்றி எழுதிவிடாதே.

ஹுல்டா அக்கா