பதினேழாம் எண்

ஆடி 5, ஞாயிறு. தூறல்.

மாரியம்மன் கோயிலுக்கு வந்தவர்கள்: பூசாரி முனுசாமி. சர்ச்சிலிருந்து ஸ்டெல்லா சிஸ்டர். ரத்தம் எடுக்க ஒரு நர்சுப் பெண். பக்கத்து வீட்டு ராஜம்மா, அவள் மருமகள். என் மருமகள் செல்வி, பேத்தி யாழினி, நான். தெருவின் மற்ற பெண்கள் எல்லோரும். ஆண்கள் நாலே பேர், அதில் இரண்டு பேர் சுண்டலுக்கு. என் மகன் சென்றாயன் வரவில்லை. ஓசூர் கம்பெனியில் ஷிப்டாம்.

எய்ட்ஸ் பற்றிக் கூட்டம். சிஸ்டரும் பூசாரியும் சேர்ந்து ஏற்பாடு. சிஸ்டர் சொன்னவை: ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. தொட்டால் வராது. உறவில் வரும், ரத்தத்தில் வரும், ஊசியில் வரும், தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். தினமும் மாத்திரை சாப்பிட்டால் நன்றாக வாழலாம். ராஜம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். என் சேவலை அடித்துத் தின்றுவிட்டு இறகை எங்கள் சாக்கடையிலேயே போட்டவள். பதினோரு வருஷம் ஆகிறது.

பிறகு ரத்தப் பரிசோதனை. பெயர் வேண்டாம், எண் போதும் என்றார் சிஸ்டர்.

"நம்பர்தானுங்களே? எங்க கிட்டயே இருக்குதுங்க சிஸ்டர்" என்று பூசாரி மாவிளக்கு நோட்டைக் கொண்டுவந்தார். திருவிழாவில் எந்த வீட்டு மாவிளக்கு எத்தனையாவதாகப் போகும் என்கிற வரிசை. பாட்டன் காலத்தது. எங்கள் வீடு பதினேழு. நானும் செல்வியும் ரத்தம் கொடுத்தோம். இருவருக்கும் பதினேழு, பக்கத்தில் வயது. அப்போது எனக்கு உறைக்கவில்லை. யாருக்குமே.

ஆடி 8, புதன். நல்ல வெயில்.

கேழ்வரகு காயப்போட்டேன். பாதியில் கோயில் மைக்.

"சிஸ்டர் சீட்டு குடுத்தனுப்பியிருக்காங்க. இந்த நம்பர்காரங்க நாளைக்கு அவங்களப் போய்ப் பாக்கணுமாம். பதினேழு..."

அதோடு நின்றுவிட்டார். மைக் மட்டும் கொர்ரென்றது. தெரு முழுக்க எங்கள் வாசலைப் பார்த்தது. இங்கே பிறந்த குழந்தைக்கும் பதினேழு யார் வீடு என்று தெரியும்.

பூசாரி ஓடிவந்தார். "அக்கா, பேரு தெரியக்கூடாதுன்னுதான நம்பரே போட்டது! என் புத்தி எங்க போச்சு?"

"இருந்தாத்தான போறதுக்கு?" என்றேன்.

எனக்கா, அவளுக்கா? கர்ப்பப்பை எடுத்தபோது எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். எனக்காகவே இருக்கட்டும் என்று ஆத்தாளிடம் வேண்டினேன். உடனே பயந்து, வேண்டுதலைத் திரும்ப வாங்கினேன். பிறகு மறுபடியும் வேண்டினேன். கேழ்வரகைக் கோழி கிளறிவிட்டது.

ஆடி 9, வியாழன். மேகம்.

நோட்டு விஷயம் கேட்டதும் சிஸ்டர் அழுதேவிட்டார். எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். எனக்கு ஒன்றுமில்லையாம். இன்னொருவரைப் பற்றி என்னிடம் சொல்லக்கூடாதாம்.

அப்படியென்றால்.

செல்வி தானாகவே சொன்னாள். "கிருஷ்ணகிரியில இன்னொருக்கா பாத்தாத்தான் நிச்சயமாத் தெரியுமாம் அத்தே."

வாசலில் யாழினி ராஜம்மா வீட்டுக் கன்றுக்குட்டியைத் தடவப் போனாள். ராஜம்மா தன் மருமகளிடம் தெலுங்கில், "தாகொத்து." தொடக்கூடாது என்று. எனக்குப் புரியாது என்று நினைப்பு. பிறகு என்னிடம் தேன் ஒழுக: "அக்கா, இந்த வருசம் நாங்க முன்னால போயிடறோம். நீங்க கடைசியா வாங்க."

"எஞ் சேவலு செரிச்சுதாடி மொதல்ல?"

சாயங்காலம் என் கை செல்வியின் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தது. சிஸ்டர் சொன்னது அத்தனையும் ஞாபகத்தில் இருந்தும். அவள் பார்த்துவிட்டாள். அதே டம்ளரில் காபி ஊற்றி அவள் எதிரிலேயே குடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆடி 10, வெள்ளி. கி.கிரி.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. பெரியாஸ்பத்திரி. செல்வி உள்ளே, நான் பெஞ்சில். சுவரில் மூன்று பல்லி. மூன்றும் நகரவில்லை.

வெளியே வந்தாள். "ஆமாங்கத்தே." மாத்திரை சீக்கிரமே ஆரம்பிக்கலாமாம். யாழினிக்கும் பார்க்க வேண்டும். சென்றாயனுக்கும்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டாள். "என்னை எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

"மத்தூர் பஸ்ஸு எங்க நிக்கும்னே எனக்குத் தெரியாது. வா பேசாம."

சூளகிரியில் இறங்கும்வரை என் தோளில் சாய்ந்திருந்தாள். தூங்கவில்லை.

ஆடி 11, சனி.

மறுபடி கி.கிரி. யாழினிக்கு இல்லை. இல்லை. இல்லை.

ஆடி 12, ஞாயிறு. மழை விட்டுவிட்டு.

மாவிளக்கு. பூசாரி வரிசையை மாற்றவில்லை. "பதினேழுக்கு அப்புறந்தான் பதினெட்டு. புடிக்காதவங்க வூட்டுல இருங்க" என்று ராஜம்மா முகத்துக்கு நேரே. சிஸ்டர் எங்கள் தட்டிலிருந்து மாவு எடுத்துச் சாப்பிட்டார். நோட்டு விஷயத்தில் பூசாரி, சிஸ்டர் இரண்டு பேரையும் மன்னித்தேன். ராஜம்மா எங்கள் மாவை வாங்கவில்லை. அவளையும் ஒருநாள் மன்னித்துவிடலாம், சேவல் நீங்கலாக.

மதியம் சென்றாயனைப் பிடித்து உட்காரவைத்தேன். நாலு நாளாக ஷிப்ட் ஷிப்ட் என்று நழுவியவன்.

"டேய், நாளைக்குப் போயி ரத்தம் குடுத்துட்டு வா."

"வேண்டாம்மா."

"ஏண்டா?"

"எனக்குத் தெரியும். ரெண்டு வருசமா."

அல்சர் மாத்திரை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தான். சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று தினமும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

"அவகிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா உட்டுட்டுப் போயிடுவாம்மா." அழுதான். சின்ன வயதில் அழுவது போலவே, மூக்கைத் தேய்த்துக்கொண்டு.

செல்வி கதவருகே நின்றிருந்தாள். "ரெண்டு வருசம்" என்றாள். உள்ளே போய் அரிசி களைந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த சிஸ்டரிடம் எல்லாம் சொன்னேன். போகும்போது, "நோய்க்காக அவர் மேல கோவப்படாதீங்கம்மா" என்றார். நோய்க்காக இல்லை. நோய் யாருக்கும் வரும். சோறு போடுவேன், தண்ணீரும் கொடுப்பேன். இவன் மாத்திரை சாப்பிட்ட இரண்டு வருஷமும் அவள் மாத்திரை இல்லாமல் இருந்தாளே, அதற்காக.

மன்னிக்க மாட்டேன். சென்றாயன். என் வயிற்றில் பிறந்தவன்.