சாட்சி சொல்லும் டிபன் பாக்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

படம் வரையும் ஒப்பந்தத்தைப் பாதியிலேயே முடித்துவிட்டார்கள். பயப்படாதே, வேறு வேலை கிடைக்கும். வேலை பார்த்த நாட்களுக்கு மட்டும் சம்பளமாம், அதற்கும் ஆதாரம் வேண்டுமாம்.

"தினமும் இங்கதானே உக்காந்திருந்தேன்?" என்றேன்.

"உக்காந்ததுக்கு யாரு சாட்சி?" என்றார் கணக்காளர்.

நீதான் சாட்சி. 'சாப்பிட்டியா' என்று நீ நச்சரித்ததால் தினமும் மத்தியானம் டிபன் பாக்ஸைப் படமெடுத்து அனுப்பினேனே, அதில் பின்னால் அலுவலகம் தெரியும். நச்சரிப்புக்காக உன்னைத் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

என் போன் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. உன் போனில் இருக்கும் படங்களை அண்ணனிடம் சொல்லி எனக்கு மெயிலில் அனுப்பு.

கடைசி ஐந்து படங்கள் வேண்டாம். அவற்றில் பின்னால் தெரிவது என் கட்டில்.

அவசரத்தில்,
உன் சின்னவள்